பவுன் காசு சேர்ப்பது ஆசையா, கணக்கா?

சென்ற தீபாவளிக்கு முன்பாக நம் சங்க உறுப்பினர் ஒருவர் மண்டிக்கு வந்தார். பலசரக்குக் கடை வைத்திருப்பவர். துணிப்பையிலிருந்து ஒரு பழைய டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே 4 பவுன் காசு, 30 வெள்ளி ரூபாய். தகப்பனார் வைத்துவிட்டுப் போனவை. "அண்ணாச்சி, இதை உருக்கிப் போட்டுவிடலாமா, அப்படியே வைத்திருக்கலாமா?" என்று கேட்டார்.

அவரிடம் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம். நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒரு டப்பா இருக்கிறது. சிலர் பழங்காசு சேர்ப்பதைப் பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறோம். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அதற்கும் கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாம் உண்டு.

சவரன் என்றால் என்ன?

நகைக்கடையில் ஒரு சவரன் என்றால் 8 கிராம். அந்தச் சொல் இங்கிலாந்து அரசின் 'சாவரின்' என்ற தங்க நாணயத்திலிருந்து வந்தது. அதன் மதிப்பு ஒரு பவுண்டு என்பதால் பவுன் என்றும் சொன்னோம். இப்போது நாம் காணும் வடிவம் 1817-ல் தொடங்கியது. ஒருபுறம் அரசர் அல்லது அரசியின் தலை. மறுபுறம் பெரும்பாலும் குதிரைமேல் ஏறிப் பறவைநாகத்தைக் கொல்லும் புனித ஜார்ஜ். அந்தச் சித்திரத்தை அமைத்தவர் பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர். விக்டோரியா காலத்துக் காசுகள் சிலவற்றில் குதிரைக்குப் பதிலாகக் கேடயம் இருக்கும். அதுவும் சரியான காசுதான்.

அசல் காசின் எடை 7.988 கிராம். 22 காரட். சுத்தத் தங்கம் மட்டும் 7.32 கிராம். குறுக்களவு 22 மில்லிமீட்டரும் சற்றும். அரைப் பவுன் காசு 3.99 கிராம், 19.3 மில்லிமீட்டர். இந்த எண்களை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்த தவறு

எங்கள் தகப்பனார் 1991-ல் காலமானார். மறு ஆண்டு வத்தல் வரத்து நன்றாக இருந்தது. லோடு பிடிக்கக் கையில் பணம் போதவில்லை. அப்பா பெட்டியில் 11 பவுன் காசு இருந்தது. ஒரு நகைக்கடைக்குக் கொண்டு போனோம். 10 காசில் குதிரை இருந்தது. ஒன்றில் மட்டும் குதிரை இல்லை. 15 ரூபாய் என்றும் 1918 என்றும் ஆங்கிலத்தில் இருந்தது. "இது சவரன் இல்லை" என்று சொல்லி, கடைக்காரர் அதற்கு மட்டும் விலையைக் குறைத்தார். நாங்களும் தலையை ஆட்டிவிட்டு வந்தோம். எல்லாம் அன்றைக்கே உருக்குக்குப் போயிற்று.

பல ஆண்டு கழித்துத்தான் விவரம் தெரிந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில், 1918-ல், பம்பாய் நாணயச் சாலையில் அடித்த 15 ரூபாய்த் தங்க நாணயம் அது. எடையும் மாற்றும் சவரனுக்குச் சமம். அந்த ஒரே ஆண்டு மட்டும் வந்ததால், சேகரிப்பவர்கள் தங்க விலைக்கு மேலேயே கொடுத்து வாங்குவார்கள். அதைத்தான் நாங்கள் தங்க விலைக்கும் கீழே தள்ளினோம்.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. மிளகாய் மூட்டை ஒவ்வொன்றுக்கும் எடையும் தேதியும் எழுதிய எங்கள் அப்பா, இந்தக் காசுக்கு மட்டும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை. வத்தல் லாபம் அந்த வருடத்தோடு முடிந்தது. காசு திரும்ப வரவில்லை.

ஆண்டையும் எழுத்தையும் பாருங்கள்

சவரன் லண்டனில் மட்டும் அடிக்கப்பட்டதல்ல. குதிரையின் கால் அடியில், தரையில், ஆண்டுக்கு மேலே ஒரு சிறு ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எஸ் என்றால் சிட்னி. எம் என்றால் மெல்பர்ன். பி என்றால் பெர்த். சி என்றால் கனடாவின் ஒட்டாவா. எஸ்.ஏ. என்றால் தென்னாப்பிரிக்கா. ஐ என்றால் இந்தியா; பம்பாயில் 1918-ல் அடித்தது. பிறகு 2013 முதல் இந்தியாவில் மீண்டும் அடித்த சவரனிலும் இந்த ஐ உண்டு. பழைய கேடயக் காசுகளில் எழுத்து வேறு இடத்தில் இருக்கும்.

எழுத்தே இல்லையென்றால் பொதுவாக லண்டன். அதிலும் 1917 என்று இருந்து எழுத்து இல்லாவிட்டால் அது அரிய காசு. ஆனால் அதில்தான் போலியும் அதிகம். உடனே மகிழ்ந்துவிடாமல், விவரம் தெரிந்த இருவரிடமாவது காட்ட வேண்டும்.

தராசு பொய் சொல்லாது

எடை போட்டுப் பிழைக்கும் நமக்குப் போலியைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. நம் கடைத் தராசு இதற்கு உதவாது. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு தராசு வேண்டும்.

1. முதலில் எடை. தேய்ந்த காசு சற்றுக் குறையலாம், கூடவே கூடாது.

2. அடுத்து அளவு. எடை சரியாக இருந்து, குறுக்களவோ கனமோ கூடியிருந்தால் உள்ளே மட்டமான உலோகம் என்று அர்த்தம்.

3. மூன்றாவது தண்ணீர்ச் சோதனை. ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, எண்ணைச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீரில் முழுகவிடுங்கள். நல்ல சவரனுக்குத் தராசு 0.45 கிராம் ஒட்டிக் காட்டும். பித்தளைக்கு முலாம் பூசியிருந்தால் ஏறக்குறைய அதற்கு இரு மடங்கு காட்டும்.

இதிலும் ஒரு எச்சரிக்கை. 1950-களில் இத்தாலியிலும் லெபனானிலும் சரியான தங்கத்திலேயே போலிச் சவரன் அடித்தார்கள். அவை தராசில் தேறிவிடும். எழுத்துகளின் மழுக்கம், ஓர் அரசர் தலையோடு பொருந்தாத ஆண்டு போன்றவற்றைப் பார்த்தே பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட காசுக்குத் தங்க விலை உண்டு. சேகரிப்பு விலை இல்லை.

வெள்ளி ரூபாய்

வெள்ளி ரூபாயும் நம் தொழிலும் உறவுக்காரர்கள். ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். நம் பழைய நிறுவையில் ஒரு பலம் என்றால் மூன்று ரூபாய் எடை. 40 பலம் ஒரு வீசை. தாத்தா காலத்தில் படிக்கல்லைச் சரிபார்க்க ரூபாயையே தட்டில் வைத்தார்கள்.

1835 முதல் 1939 வரை ஆண்டு பொறித்த ரூபாயில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை உள்ளதில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் நிக்கல், வெள்ளியே இல்லை. இந்த மூன்றையும் ஒரே விலையில் வாங்குகிறவர் நட்டப்படுவார். 1969-ல் காந்தியடிகள் நூற்றாண்டுக்கு வந்த 10 ரூபாய் 15 கிராம், நூற்றுக்கு 80 வெள்ளி. 1972-ல் சுதந்திர வெள்ளி விழாவுக்கு வந்த 10 ரூபாய் 22.5 கிராம், பாதி வெள்ளி.

1911-ம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்கு ஒரு கதை உண்டு. அரசர் அங்கியில் பொறித்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று ஆட்சேபம் கிளம்பியது. அரசு அதைத் திரும்பப் பெற்று, 1912-ல் யானையைத் திருத்தி அடித்தது. டப்பாவில் 1911 இருந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

செய்யக் கூடாதவை

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பூந்திக்கொட்டையும் வேண்டாம், பல்பொடியும் வேண்டாம். பளபளப்பு வரும், விலை போய்விடும். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசுக்கும் தங்க விலைதான். ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்தால் வெள்ளி கறுக்கும். பெருங்காயம், தீப்பெட்டி இருக்கும் அலமாரியிலும் வெள்ளியை வைக்க வேண்டாம்; அவற்றிலுள்ள கந்தகம் காசைத் தாக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வைத்து, ஓரத்தைப் பிடித்தே எடுங்கள்.

"அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது, குறைந்த விலைக்குத் தருகிறேன்" என்று வருபவரிடம் பேச்சே வேண்டாம். முதல் காசு நல்லதாகக் காட்டி, பிறகு பித்தளையைத் தலையில் கட்டுவது பழைய தந்திரம். மெய்யாகவே புதையலாக இருந்தால் 1878-ம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டியது, வாங்கியவருக்கும் தொல்லை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி கூடாது.

எவ்வளவு பணம் போடலாம்?

கடை முதலில் கை வைக்காதீர்கள். மண்டி பாக்கி, சம்பளம், வாடகை, வரி எல்லாம் தீர்ந்து மிஞ்சியதில் ஒரு சிறு பங்கு போதும். வாங்குமுன் அன்றைய 22 காரட் கிராம் விலையை 7.98-ஆல் பெருக்குங்கள். அதற்கு மேல் கேட்பது எதற்கு என்று விற்பவர் சொல்ல வேண்டும். கடையில் வாங்கினால் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, விற்கும்போது அது திரும்பாது. பில் உங்கள் சொந்தப் பெயரில் இருக்கட்டும். கடைக் கணக்கோடு கலக்க வேண்டாம். சோதனையின்போது குடும்பத்தார் நகையில் இவ்வளவு வரை எடுப்பதில்லை என்று வருமான வரித்துறை 1994-ல் வெளியிட்ட அறிவுரை, நகை, ஆபரணம் என்றுதான் பேசுகிறது. காசையும் அதில் சேர்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. பில்லும் ஏடும்தான் துணை.

ஆகவே ஒரு நோட்டுப் போடுங்கள். காசின் ஆண்டு, எழுத்து, எடை, வாங்கிய தேதி, கொடுத்த விலை என்று ஐந்து கலம். பரம்பரையாக வந்தது என்றால் யாரிடமிருந்து வந்தது என்று எழுதுங்கள். நோட்டு இருக்கும் இடம் வீட்டில் இன்னும் ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

டப்பா கொண்டு வந்த உறுப்பினரோடு அன்று மாலை உட்கார்ந்து எல்லாவற்றையும் நிறுத்தோம். வெள்ளியில் 19 தான் பழைய மாற்று; 8 பாதி வெள்ளி; 3 நிக்கல். நான்கு பவுனும் நல்லவை, சாதாரண ஆண்டுகள். அவருக்கு மகள் கல்யாணச் செலவு இருந்தது. இரண்டை அன்றைய விலைக்கு விற்றார். இரண்டை வைத்துக்கொண்டார். விற்றதில் தவறில்லை. என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்றார். அன்று நாங்கள் செய்யத் தவறியது அதுதான். போகும்போது நம் கடையிலேயே 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.