முழங்கால் வலியும் சீன வைத்தியமும்



கடை வியாபாரம் நம்மவர்களின் ஜீவனம். காலையில் கடையைத் திறந்தால் இரவு சாத்தும்வரை நிற்பதும், மூட்டை தூக்குவதும், குனிந்து நிமிர்வதுமாகவே பொழுது கழிகிறது. வயது ஐம்பதை நெருங்கும்போது முழங்கால் வலிக்கத் தொடங்குகிறது. படியேறுவது கஷ்டமாகிறது, ஸஜ்தாவிலிருந்து எழுவதும் கஷ்டமாகிறது. நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்து தொழலாம் என்று மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. ஆயினும் நோய்க்கு மருந்து தேடுவது நம் கடமையல்லவா? தாசேக் கெலுகோரில் வாழும் நமக்குச் சீன வைத்தியம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதை இப்பாடத்தில் கவனிப்போம்.

முதலில் நோயை அறிந்து கொள்வோம். நடுவயதுக்குமேல் வரும் முழங்கால் வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்வினால் உண்டாவது. எலும்பின் முனையிலுள்ள வழவழப்பான குருத்தெலும்பு தேய்கிறது, மூட்டு வீங்குகிறது, தொடைத் தசை பலவீனமாகிறது. தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளரச் செய்யும் மருந்து ஆங்கில வைத்தியத்திலும் இல்லை, சீன வைத்தியத்திலும் இல்லை. வலியைக் குறைக்கலாம், நடமாட்டத்தைக் காக்கலாம். இதற்குமேல் வாக்குறுதி கொடுப்பவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சீன வைத்தியர்கள் இதற்கு வேறு விளக்கம் கூறுகிறார்கள். காற்று, குளிர், ஈரம் ஆகிய மூன்றும் உடம்பில் புகுந்து ஓட்டத்தை அடைப்பதால் மூட்டு வலிக்கிறது என்பது அவர்களுடைய பழைய நூல்களின் கொள்கை. நம் பாட்டிமார் வாயு என்று சொல்வதற்கு இது தூரமானதல்ல. அந்த அடைப்பை நீக்க மெல்லிய ஊசி குத்துகிறார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே இரு பக்கமும் உள்ள குழிகளை 'முழங்கால் கண்கள்' என்கிறார்கள். அங்கும், அதற்கு நாலு விரற்கடை கீழேயும் ஊசி வைத்து, இருபது முப்பது நிமிஷம் விட்டு எடுப்பார்கள். சிலர் ஒருவகை மூலிகைத் தழையைக் கொளுத்திச் சூடு காட்டுவார்கள்.

இதனால் பிரயோஜனம் உண்டா? ஜெர்மனியில் ஆயிரத்துக்கும் அதிகமான முழங்கால் நோயாளிகளைக் கொண்டு நடத்திய பரிசோதனை 2006-ல் வெளியாயிற்று. முறைப்படி ஊசி குத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 53 பேர் ஆறு மாதத்துக்குப் பின் நல்ல குணம் கண்டார்கள். ஊசியின்றி டாக்டர் ஆலோசனையும் மாத்திரையும் பெற்றவர்களில் 29 பேர்தான் குணம் கண்டார்கள். ஆனால் சீன நூல் சொல்லாத இடங்களில் லேசாகக் குத்தப்பட்டவர்களிலும் 51 பேர் அதே குணம் கண்டார்கள்! ஆகவே ஊசியால் சிலருக்கு வலி குறைவது உண்மை. குத்தும் இடத்தால்தான் குறைகிறது என்பது நிரூபணமாகவில்லை. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி 2022-ல் மூட்டுத் தேய்வுக்கு ஊசி வைத்தியம் வேண்டாம் என்றது. அமெரிக்க மூட்டு வைத்தியர் சங்கமோ, நிபந்தனையோடு பார்க்கலாம் என்கிறது. அறிஞர்களே இரு கருத்தாக இருக்கும் விஷயத்தில் நாம் பெரும்பணம் கொட்டுவது உசிதமல்ல.

பார்த்துத்தான் தீரவேண்டும் என்பவர் எங்கே போவது? அரசாங்க ஆஸ்பத்திரியில் பாரம்பரிய வைத்தியப் பிரிவு இந்நாட்டில் முதன்முதலாக 2007-ல் தொடங்கப்பட்டது நம் பக்கத்து ஊராகிய கெப்பாலா பத்தாஸில்தான். அங்கு ஊசி வைத்தியமும் சேர்க்கப்பட்டது. டாக்டரிடம் காட்டி, அவருடைய கடிதத்தோடு போவதே முறை. தனியார் சின்சேயிடம் போகிறவர், 2016-ஆம் ஆண்டுப் பாரம்பரிய மருத்துவச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று விசாரிக்க வேண்டும். ஊசி புதிய உறையிலிருந்து எடுக்கப்படுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவரும், ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவரும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முழங்கால் சிவந்து, கொதித்து, காய்ச்சலும் சேர்ந்தால் எந்தச் சின்சேயிடமும் போகாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி முக்கியமான எச்சரிக்கைக்கு வருவோம். ஊசியைவிட ஆபத்தானது பேர் தெரியாத மாத்திரை. 'மூலிகை' என்று எழுதிய சில மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்னும் கடுமையான மருந்தைக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. விழுங்கிய மறுநாளே வலி பறந்துவிடும். அதனால் பெயரும் பரவும். நாளடைவில் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். திடீரென்று நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து. ஆகவே சாப்பிட்டு வந்தவர் தாமாக நிறுத்தாமல், மாத்திரையைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்ட வேண்டும். கலப்படமில்லாத மூலிகையும் விளையாட்டல்ல. மூட்டு வலிக்குச் சீனர்கள் பயன்படுத்தும் ஒருவகை நாபிக் கிழங்கு, சரியாக வேகாவிட்டால் இருதயத் துடிப்பைக் கெடுத்துவிடும்.

நமக்கு ஹலால் ஹராம் விஷயமும் உண்டு. சில சீன மருந்துகளை மதுவில் ஊறவைப்பார்கள். சிலவற்றில் பிராணிகளின் உறுப்புகள் சேரும். என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டறியாமல் வாயில் போடலாகாது. முழங்காலுக்கு நல்லதென்று பேர்பெற்ற புலி எலும்பைச் சீன அரசாங்கமே 1993-ல் தடை செய்துவிட்டது.

வியாபாரிகளாகிய நாம் அரிசி மூட்டையைக் கையில் அள்ளிப் பார்த்தல்லவா வாங்குகிறோம்? மருந்துப் பெட்டியையும் அப்படியே புரட்டிப் பார்ப்போம். பதிவான பாரம்பரிய மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்று முடியும் பதிவெண் இருக்கும். அந்த எண் உண்மையானதா என்று மருந்தகத்தில் கேட்டால் சரிபார்த்துச் சொல்வார்கள். பதிவில்லாத மருந்தை வாங்காதிருப்பதோடு, நம் கடை அலமாரியிலும் வைக்கக்கூடாது. விற்பவருக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்று வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதைவிடப் பெரிது, நம்மை நம்பி வாங்கியவரின் உடல் கெடுவது.

கடைசியாக, சீனர்களிடமிருந்து நாம் தாராளமாகக் கற்கத்தக்கது ஒன்று உண்டு. அது தாய்ச்சி என்னும் மெதுவான தேகப்பயிற்சி. அமெரிக்காவில் 204 பேரைக் கொண்டு நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பன்னிரண்டு வாரத் தாய்ச்சி, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்குச் சமமாக முழங்கால் வலியைக் குறைத்தது. ஊசி விஷயத்தில் கருத்து வேறுபட்டவர்களும் தேகப்பயிற்சி நல்லது என்பதில் ஒன்றுபடுகிறார்கள். அத்துடன் எடையையும் குறைக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆகவே சகோதரர்களே, கல்லாவில் மணிக்கணக்காக ஒரே இருப்பாக இராமல் இடையிடையே எழுந்து நடங்கள். மூட்டையை ஒருவராகத் தூக்காமல் இருவராகத் தூக்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி மெல்ல இறக்கும் பயிற்சியைக் காலையிலும் மாலையிலும் பத்து முறை செய்யுங்கள். இவற்றுக்குக் காசு செலவில்லை. இவற்றோடு ஊசியும் வைத்துப் பார்க்க விரும்பினால், முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள்.