கட்டிடப் பணிகளில் காலதாமதம்: காரணங்களும் தவிர்க்கும் வழிகளும்

ஓர் ஊரில் பள்ளிக் கட்டிடத்திற்குக் கடைக்கால் போடும் நாள் திருவிழா நாளாகவே கொண்டாடப்படுகின்றது. ஆயினும், அக்கட்டிடம் திறக்கப்பெறும் நாளை எவரும் உறுதியாகக் கூற இயலாத நிலை பல இடங்களில் ஏற்பட்டுவிடுகின்றது. சுவர் எழுந்து கூரையின்றி நிற்கும் கட்டிடத்தால் ஊருக்கு இரட்டை நட்டம் உண்டாகின்றது. கம்பி துருப்பிடிக்கின்றது, பொருள் விலையும் கூலியும் ஏறி, முதலில் போட்ட மதிப்பீடு போதாமற் போகின்றது. அதனினும் பெரியது, ஒரு தொகுதிப் பிள்ளைகள் மரத்தடியிலேயே படித்து முடித்து வெளியேறிவிடுவதாகும். செலவான பணத்தை மீண்டும் ஒதுக்கலாம்; அப்பிள்ளைகள் இழந்த ஆண்டுகளை எவரும் ஒதுக்கித் தர இயலாது.

தாமதத்திற்குக் கொத்தனாரையும் ஒப்பந்ததாரரையும் குறை கூறுவதே வழக்கமாக உள்ளது. ஆனால் அதன் வேர் பெரும்பாலும் முதற்கல் வைப்பதற்கு முன்பே ஊன்றப்பட்டுவிடுகின்றது என்பதே நாம் கருதுவது. சென்னை மாநகரில் நடைபெற்ற இரு பெரும் பணிகள் இதனைத் தெளிவாக்கும்.

நிலம் தெளிவாக இருத்தல்

சென்னைக் கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வழியாகச் செல்லும் பறக்கும் ரயில் பாதையை நம்மில் பலர் கண்டிருப்போம். அப்பாதை 1995இல் சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும், 2004இல் திருவான்மியூர் வரையிலும், 2007இல் வேளச்சேரி வரையிலும் திறக்கப்பட்டது. மயிலாப்பூர்ப் பகுதியில் அது பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே எழுப்பப்பட்டது. கால்வாய் பொதுச் சொத்தாதலின், அங்குத் தனியார் நிலத்தின் தேவை குறைவாக இருந்தது.

பின்னர், வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை சுமார் 5 கிலோமீட்டர் நீட்டிப்புப் பணி 2008இல் தொடங்கிற்று. ஆதம்பாக்கம் பகுதியில் ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்திற்கு நில இழப்பீடு பற்றிய வழக்கு எழுந்தது. இருபுறமும் தூண்களும் பாலமும் முடிந்து நிற்க, நடுவிலுள்ள அச்சிறு துண்டுக்காகப் பத்தாண்டுகளுக்கு மேல் பாதை முழுவதும் காத்திருக்க நேர்ந்தது. நில உடைமையாளர் நியாயமான விலை கேட்பது அவரது உரிமை. அதனைப் பேசித் தீர்க்க வேண்டிய காலம் தூண் எழுப்பிய பின்னரன்று, அதற்கு முன்னரேயாகும்.

நம் ஊர்களிலும் இவ்வாறே நிகழ்கின்றது. புறம்போக்கு என்று எண்ணிய இடத்தில் ஒரு பகுதி பட்டா நிலமாக இருக்கும். வாய்ச்சொல்லால் தானம் தந்தவரின் மக்கள் பின்னர் மறுப்பர். ஆதலின் புல வரைபடத்தைப் பெற்று, நில அளவரைக் கொண்டு எல்லைக்கல் நடச் செய்து, தானப் பத்திரத்தைப் பதிவு செய்த பிறகே வானம் தோண்டுதல் வேண்டும்.

பொறுப்பாளர் மாறினும் பணி மாறாதிருத்தல்

அண்ணா சாலையிலுள்ள எல்.ஐ.சி. கட்டிடம் 1953இல் தொடங்கப்பெற்றது. அதனைத் திட்டமிட்ட யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் தலைவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நிகழ்ந்த விமான விபத்தில் காலமானார். 1956இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாயிற்று. கட்டிடம் புதிய கழகத்தின் கைக்கு வந்தது. 1957இல் இலண்டன் கட்டிடக் கலைஞர்களான பிரவுன், மௌலின் ஆகியோர் விலகினர். எல்.எம். சித்தாலே பொறுப்பேற்று முடிக்க, 1959 ஆகஸ்டு 23ஆம் நாள் அது திறக்கப்பெற்றது.

உடைமையாளரும் வடிவமைப்பாளரும் மாறியும் பணி கைவிடப்படவில்லை என்பது கருதத்தக்கது. ஊராட்சியிலும் தலைவர் மாறுவர். பொறியாளர் மாற்றலாகிச் செல்வர். வரைபடம், மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, 'எம்-புக்' எனப்படும் அளவுப் புத்தகம் ஆகியவை ஒழுங்காக இருப்பின், வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நடுவில் ஓர் அறையைக் கூட்டவோ வாயிலை மாற்றவோ வாய்மொழியாகச் சொல்லுதல் கூடாது. அதற்குரிய தொகை மதிப்பீட்டில் இராது, பட்டியல் தடைப்படும், பட்டியல் தடைப்பட்டால் வேலையும் நின்றுவிடும்.

பருவமும் ஆட்களும்

பட்டம் பார்த்து விதைக்கும் உழவருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கரையோரப் பகுதிகளை மூழ்கடித்ததை யாவரும் அறிவர். மழைக்காலத்தில் தோண்டிய குழி குளமாகும், கரை சரியும். தை மாதத்தில் கடைக்கால் தொடங்கி, ஐப்பசிக்கு முன் கூரை போட்டுவிடுவது நன்று. நடவு, அறுவடை நாட்களில் சித்தாள் கிடைப்பது அரிதாதலின், அவற்றையும் கணக்கிட்டே பணிக்கால அட்டவணை வகுத்தல் வேண்டும்.

சிமெண்டை முன்னதாகவே வாங்கிக் குவிப்பதும் தீங்கே. மூன்று மாதத்திற்கு மேற்பட்ட சிமெண்டைச் சோதித்தே பயன்படுத்த வேண்டும். மூட்டைகளைத் தரையில் வைக்காது, பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குக.

குறைக்கக் கூடாத நாட்கள்

தாமதத்திற்கு அஞ்சி அவசரப்படுதலும் தவறாகும். கான்கிரீட்டுக்குச் சாதாரண சிமெண்டாயின் 7 நாட்களும், சாம்பல் கலந்த சிமெண்டாயின் 10 நாட்களும் குறையாமல் தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும். சாதாரண சிமெண்டில் வார்த்த கூரைத் தளத்தின் முட்டுகளை, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள அறைக்கு 7 நாட்களுக்கு முன்னும், அதற்கு மேற்பட்ட அகலத்திற்கு 14 நாட்களுக்கு முன்னும் எடுத்தலாகாது. இவை இந்தியத் தர நிர்ணயம் வகுத்த அளவுகள். சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் பொறியாளர் கூறும் கூடுதல் நாட்களைக் கொள்க. இந்நாட்களைத் தாமதமென எண்ணற்க.

முதற்கல்லுக்கு முன் கேட்க வேண்டியவை

1. நிலம் அளக்கப்பட்டு, ஆவணம் ஊராட்சியின் கையில் உள்ளதா?
2. மண்ணைத் தோண்டிப் பார்த்தே கடைக்கால் ஆழம் வகுக்கப்பட்டதா?
3. தொகை முழுவதற்கும் அனுமதி உண்டா? பாதிக்கு மட்டுமா?
4. ஒப்பந்ததாரர் கட்டுப்படியாகாத குறைந்த விலை கூறியுள்ளாரா? கையில் வேறு எத்தனை வேலைகள் வைத்துள்ளார்?
5. கூரை போடும் நாள் மழைக்கு முன் அமைகின்றதா?

இவ்வைந்தையும் கிராம சபையில் உரக்கப் படித்து, விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்க. விடை கிடைக்காத கேள்வி ஒன்றேனும் இருப்பின், கடைக்கால் விழாவை ஒரு மாதம் தள்ளிவைப்பதில் இழுக்கில்லை. தொடங்குமுன் செலவிடும் அம்மாதம், பின்னர் வீணாகும் ஆண்டுகளைக் காக்கும். அழைப்பிதழில் கடைக்கால் போடும் நாளோடு திறப்பு நாளையும் துணிந்து அச்சிடும் ஊராட்சியே பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கைக் காக்கும் ஊராட்சியாகும்.