தண்ணீருக்குள் தட்டையாய்க் கிடக்கச் சில குறிப்புகள்

வாடைக்காற்றின் கொந்தளிப்பு அடங்கி, சித்திரை பிறந்ததும் திருகோணமலையில் சுழியோடும் காலம் தொடங்கிவிடும். சுவாமி மலையடியின் பாறை இடுக்குகள், புறாத்தீவின் பவளப்பாறைகள், மூழ்கிய கப்பல்கள் என எங்கே இறங்கினாலும் உடம்பு தரைக்கு இணையாகக் கிடக்க வேண்டும். கால் தொங்கினால் சேறு கிளம்பும், பவளம் உடையும், சிலிண்டர் காற்று வீணாகும். தலைக்கு மேல் கூரை உள்ள குகைகளில் அந்தச் சேறே வெளிவரும் வழியை மறைத்து ஆளைக் கொன்றுவிடும். 'ட்ரிம்' எனப்படும் இந்தக் கிடைநிலையைக் குகைச் சுழியோடிகள் அவ்வளவு பிடிவாதமாகப் பழகுவது அதனால்தான். எத்தனை கிலோ ஈயம் கட்டுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கே கட்டுவது என்பதை அதைவிடக் கவனமாகக் கேட்க வேண்டும்.

1. ஈயத்தின் அளவைச் சுழியோட்டத்தின் முடிவில் பாருங்கள். சிலிண்டரில் 50 பார் மீதியிருக்கும்போது, 5 மீற்றர் ஆழத்தில், பீசீடி எனப்படும் மிதப்புச் சட்டையின் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு அசையாமல் நிற்க முடிந்தால் அளவு சரி. 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டர் நிறைந்திருக்கையில் அதற்குள் இருக்கும் காற்றின் எடை மட்டும் இரண்டரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். நிறைந்த சிலிண்டர் தாழும், வெறுமையானால் மிதக்கும்.

2. பழைய ஈயக்கட்டியில் பொறித்த எடையை நம்பவேண்டாம். கடைத் தராசில் நிறுத்து, நகப்பூச்சால் எழுதிவையுங்கள். ஹோட்டல் நீச்சல் தடாகத்தில் பழகியவர்கள் கடலுக்கு வரும்போது கூடுதலாகக் கட்ட வேண்டும்: ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால், உப்புநீரில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ.

3. மணல் தரைக்கு மேலே, காலடிப்பதை நிறுத்திவிட்டு, கைகளை முன்னே நீட்டி, முழங்காலை மடித்து அரை நிமிடம் அசையாமல் இருங்கள். பெரும்பாலும் கால்தான் தாழும். நுரையீரல் நெஞ்சைத் தூக்குகிறது, இடுப்பு பெல்ட்டின் ஈயம் கீழே இழுக்கிறது. கால் தாழ்ந்தால் பாரத்தைத் தோள் பக்கம் ஏற்றுங்கள். தலை கவிழ்ந்தால் இடுப்புப் பக்கம் இறக்குங்கள். ஒரு தடவையில் ஒரு கிலோவுக்கு மேல் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

4. ஈயத்தைத் தொடுமுன் சிலிண்டரைப் பாருங்கள். பட்டியைத் தளர்த்தி இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மேலே ஏற்றினாலே பலருக்குக் கால் உயர்ந்துவிடும். ஆனால் தலையை நிமிர்த்தும்போது பின்மண்டை வால்வில் இடிக்கக் கூடாது. அதற்கும் சரிவராவிட்டால், இடுப்பிலிருந்து ஒரு கட்டியை எடுத்துச் சிலிண்டரின் மேல்பட்டியில் கோத்துவிடலாம். உடம்பின் இரு பக்கமும் அலுமினியச் சிலிண்டர் கட்டுபவர்களுக்குக் காற்றுக் குறையக் குறைய அடிப்பாகம் மேலெழும். அப்போது அடிக் கிளிப்பை இடுப்பின் முன்வளையத்துக்கு மாற்றவேண்டும்.

5. பாரம் எங்கே இருக்கிறது, எந்த ஒழுங்கில் குறைகிறது என்பதன் விளைவை எங்கள் துறைமுகமே கண்டிருக்கிறது. 1944 ஓகஸ்ட் 8இல், பிரித்தானியப் போர்க்கப்பல் வேலியன்ற் இங்கே மிதக்கும் கப்பல்தளத்துக்குள் நின்றது. தளத்தை உயர்த்துவதற்காக அதன் தொட்டிகளிலிருந்து தண்ணீரை இறைத்தார்கள். கப்பலின் பாரம் எந்தெந்த இடத்தில் அமர்ந்திருந்ததோ அதற்குப் பொருந்தாத வரிசையில் தொட்டிகள் வெறுமையாயின. கப்பலில் வெடிமருந்தும் நிறைய இருந்தது. தளத்தின் இரு முனைகளும் வளைந்து, நடு முறிந்து, அது மூழ்கிப்போனது. வேலியன்ற் தப்பியது, ஆனால் உள்பக்கத்து இரண்டு சுழல்விசிறிகளும் ஒரு சுக்கானும் இறுகிப்போயின. அந்தத் தளத்தில் நடந்ததும் உங்கள் முதுகில் நடப்பதும் ஒரே கணக்கு: காற்றுக் குறையும்போது உங்கள் பாரமும் இடம் மாறுகிறது. ஆகவே கிடைநிலையைச் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது ஒரு தடவையும், முடியும் தறுவாயில் ஒரு தடவையும் சோதியுங்கள்.

6. கணுக்காலில் ஈயம் கட்டாதீர்கள். ஒவ்வொரு உதையிலும் அதையும் தூக்கியாக வேண்டும். கால் மிதக்கிறது என்றால் பாரமான ரப்பர் ஃபின் போதும்.

7. பீசீடிக்குள் இருக்கும் காற்று எப்போதும் உயரமான இடத்துக்கு ஓடும். கால் தாழ்ந்தால் அது தோளுக்கு ஏறி, கால் இன்னும் தாழும். ஈயம் அளவோடு இருந்தால் அந்தக் காற்றும் கொஞ்சமாகவே இருக்கும். 10 மீற்றரில் வெட்சூட்டுக்குள் இருக்கும் குமிழிகள் பாதியளவுக்கு நசுங்கிவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

8. பழைய சைக்கிள் ட்யூப்பை விரலகல வளையங்களாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் குழாய், டோர்ச், கேஜ் எல்லாவற்றையும் உடம்போடு ஒட்டவைக்க இதைவிட நல்ல சாமான் கடையில் இல்லை. கீழே தொங்கும் எதுவும் பவளத்தில் சிக்கும்.

9. தலையை நிமிர்த்தி முன்னே பாருங்கள். தலை குனிந்தால் முதுகு வளைந்து, முழங்கால் கீழே போய்விடும். ஃபின் தட்டையாக இருக்க, தவளை நீச்சல்போல் பின்னோக்கி உதையுங்கள். கொட்டியாரக்குடாவில் மகாவலி கொண்டுவந்து கொட்டும் வண்டல் படிந்திருக்கிறது. மேலும் கீழுமாக உதைத்தால் அந்த இடம் முழுக்கக் கலங்கிவிடும்.

10. உப்புவெளியில் காற்று எழுமுன், காலையில், ஆழமில்லாத மணலில் பழகுங்கள். கூட வருபவரைப் பக்கவாட்டில் நின்று வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தட்டையாகக் கிடக்கிறோம் என்று நினைப்பவர்களில் பலர் சரிந்தே நிற்பார்கள்.

11. சுவாமி மலையடியில் கூடுதல் கவனம் வேண்டும். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்களை 1956இல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் அங்கே கடலுக்கடியில் கண்டார்கள். அந்தக் கற்கள்மேல் ஒரு ஃபின்னும் படக்கூடாது. பயிற்சி இல்லாமல் பாறைக் கூரையின் கீழ் நுழையவே வேண்டாம். குகைப் பயிற்சி பெற்றவர்களும் காற்றில் மூன்றில் ஒரு பங்கைப் போவதற்கும் ஒரு பங்கை வருவதற்கும் ஒதுக்கி, மற்றப் பங்கைத் தொடாமல் வைப்பார்கள்.

12. சங்கும் கடலட்டையும் எடுக்கும் தம்பிமாருக்கு: கிடைநிலை காற்றை மிச்சம்பிடிக்கும், அவ்வளவுதான். அந்த மிச்சத்தை நம்பி ஒரே நாளில் மீண்டும் மீண்டும் ஆழத்துக்குப் போகாதீர்கள். மூட்டு வலித்தாலோ கால் விறைத்தாலோ 'திரும்ப இறங்கினால் சரியாகும்' என்று யார் சொன்னாலும் கேட்கவேண்டாம். ஒட்சிசன் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

13. வீட்டுக்கு வந்ததும் பட்டிகளையும் கொக்கிகளையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயவிடுங்கள். எந்தச் சிலிண்டருக்கு எந்த உயரம், எந்த இடத்தில் எத்தனை கிலோ என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்தால், அடுத்த சித்திரையில் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.