உவர் மண்ணில் ஓர் இலைப் பாடம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் உடல இனப்பெருக்கம் வரும்போது, ரணகள்ளியின் படத்தைக் காட்டி, இலை விளிம்பில் வேற்றிட மொட்டுகள் தோன்றும் என்று எழுதச் சொல்லிவிட்டால் பாடம் முடிந்துவிடும். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் வீட்டில் வளர்த்துப் பார்க்கச் சொல்வது பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் எளிதன்று. இங்கே பல இடங்களில் கைப்பம்பு நீர் உவர்ப்பு. குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் வீட்டில், "தினமும் செடிக்குத் தண்ணீர் ஊற்று" என்று நாம் தரும் செயல்பாடு அம்மாவின் தலையில் ஏறும் இன்னொரு குடம். அதனால்தான் வாரம் ஒரு டம்ளர் நீரில் பிழைக்கும் சதைப்பற்றுச் செடிகளை இப்பாடத்திற்குத் தேர்ந்தெடுத்தேன்.

தேவையானவை

ரணகள்ளி இலை, கற்றாழைக் கன்று, பிரண்டைத் தண்டு, பாம்புச்செடி இலை. தொட்டிக்குக் கொட்டாங்குச்சியும், மீன் ஏற்றி உடைந்துபோன தெர்மாகோல் பெட்டியும் போதும். அடியில் துளையிட வேண்டும். மணலில் உப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு பிடி மணலை மழைநீரில் கலக்கி, தெளிந்த நீரைக் கரண்டியில் ஊற்றி வெயிலில் காயவைத்தால், உப்பு இருந்தால் வெள்ளையாகப் படியும். அப்படிப் படிந்தால் மணலை மழைநீரில் நன்றாக அலசிய பிறகே பயன்படுத்தலாம்.

செய்முறை

1. ரணகள்ளி: முழு இலையை ஈர மணல்மேல் படுக்க வைத்தால் போதும். சில வாரங்களில் விளிம்புப் பள்ளங்களில் வேரும் குட்டி இலைகளும் வரும்.

2. பிரண்டை: இரண்டு கணு உள்ள துண்டை வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, வெட்டுவாய் காய்ந்தபின் ஒரு கணு மண்ணுக்குள் இருக்குமாறு நட வேண்டும். காயாமல் நட்டால் அழுகும்.

3. கற்றாழை: தாய்ச்செடியின் அடியில் வரும் பக்கக் கன்றை வேரோடு பிரித்து நடலாம்.

4. பாம்புச்செடி: இலையை விரல் நீளத் துண்டுகளாக்கி, அடிப்பக்கம் எது என்று குறித்துக்கொண்டு நட வேண்டும். ஒரு துண்டை மட்டும் தலைகீழாக நடச் சொல்லுங்கள். அது வேர் விடாது. தாவர உறுப்புக்கு மேல், கீழ் என்ற திசை உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. மஞ்சள் விளிம்புள்ள வகையின் இலைத்துண்டிலிருந்து வரும் கன்றில் அந்த மஞ்சள் இருக்காது. கிழங்கைப் பிரித்து நட்டால்தான் இருக்கும். ஏன் என்பது மேல் வகுப்பு மாணவர்களுக்கு நல்ல கேள்வி.

நீரூற்றும் வேலையை மாணவர்களே பிரித்துக்கொண்டனர். ஏரியில் முறை வைத்து மீன்பிடிக்கும் "பாடு" அவர்களுக்கு வீட்டிலேயே தெரிந்தது. "இந்த வாரம் எங்க பாடு சார்" என்று சொல்லிக்கொண்டு வந்து ஊற்றினார்கள்.

குறைந்த நீரில் எப்படி வாழ்கின்றன?

இச்செடிகள் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டைஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமிக்கின்றன. வெயிலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன. நீரிழப்பு குறைகிறது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்திய கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் பகலில் புளிப்பு மறைவதையும் சுவைத்தே கண்டறிந்தார். அவர் எழுதிய கடிதம் 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளியானது. நம் மாணவர்கள் சுவைக்க வேண்டாம். ஒரே செடியின் இலையைக் காலை முதல் மணியிலும் மாலை கடைசி மணியிலும் சம அளவு நீரில் நசுக்கி, பி.எச். தாளால் ஒப்பிடலாம்.

உமரி மட்டும் எப்படி?

"ஏரிக்கரையில் உமரியும் சதைப்பற்றாகத்தானே இருக்கிறது? அதற்கு யார் நல்ல தண்ணீர் ஊற்றினார்கள்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடத்தின் மிகச் சிறந்த கேள்வி அது. மூன்று ரணகள்ளிக் கன்றுகளை எடுத்து, ஒன்றுக்கு மழைநீர், ஒன்றுக்குக் கைப்பம்பு நீர், ஒன்றுக்கு ஏரிநீர் ஊற்றச் சொன்னேன். ஏரிநீர்க் கன்று முதலில் வாடியது. வேருக்கு வெளியே உப்பு மிகுந்தால் சவ்வூடுபரவலால் நீர் உள்ளே வர முடியாது. உமரியோ உப்பை உள்வாங்கி, செல்லின் நுண்குமிழியில் ஒதுக்கிவைத்து, அதன் வலிமையாலேயே நீரை இழுக்கிறது. ஒன்று வறட்சிக்குத் தடித்த இலை, மற்றது உப்புக்குத் தடித்த இலை. இச்சோதனையைக் கோடையில் செய்வது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்று வெள்ளம் கலக்கும்போது ஏரியின் உப்பு குறைந்துவிடும்.

கவனிக்க

ரணகள்ளியைத் தின்னும் ஆடுமாடுகளுக்கு நஞ்சாகும். எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பால் வடியும் கள்ளிகளை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டாம். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. உமரியைப் பிடுங்கி வராமல், கரைக்குச் சென்று பார்த்துவரலாம். மிகுந்த கன்றுகளை ஏரிக்கரையில் வீசாமல் அடுத்த வகுப்புக்குக் கொடுக்கலாம்.

மதிப்பீடு

1. தலைகீழாக நட்ட துண்டு ஏன் வேர் விடவில்லை?
2. வெட்டிய தண்டை ஏன் காயவைக்கிறோம்?
3. உன் வீட்டு நீரில் எந்தச் செடி வளரும்? காரணத்துடன் எழுதுக.

மூன்றாவது கேள்விக்கு வழிகாட்டி நூலில் விடை இல்லை. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுக் குடத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.