அளந்து கொடுக்கும் மின்சாரம்
தெருவிளக்குப் பரீட்சை குறித்து ஒரு பாடம்

ஊர்த் தெருக்களுக்கு விளக்கிடுவது, 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி கிராம ஊராட்சியின் கடமைகளுள் ஒன்றாகும். குழல்விளக்குகள் எரிந்த காலத்தில் இக்கடமை எளிதாயிருந்தது. குழல் போனால் குழலை மாற்றினோம். ஸ்டார்ட்டர் போனால் ஸ்டார்ட்டரை மாற்றினோம். இப்பொழுது கம்பங்களில் எல்.இ.டி. விளக்குகள் வந்திருக்கின்றன. மின்செலவு குறைந்தது, வெளிச்சமும் நன்றாயிருக்கிறது. ஆயினும், அணைந்துபோன விளக்கை முழுமையாகக் கழற்றி அலுவலக மூலையில் குவித்துவிட்டுப் புதிது வாங்கும் வழக்கமும் கூடவே வந்து சேர்ந்தது. இது ஊராட்சி நிதிக்கு நல்லதன்று.

அந்த மூலையில் கிடக்கும் விளக்கு ஒன்றைத் திறந்து பார்ப்போம். பெரும்பாலானவற்றில் முக்கியமாக மூன்று பகுதிகள் உண்டு. ஒளி தரும் சிறு எல்.இ.டி.கள் பதித்த பலகை ஒன்று. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை, அப்பலகைக்கு ஏற்ற நேர்மின்சாரமாக மாற்றித் தரும் 'டிரைவர்' ஒன்று. மின்னலாலும் கம்பிக் கோளாறாலும் திடீரென எழும் மின்வீச்சைத் தான் ஏற்றுக்கொள்ளும் சிறு காப்புத்துண்டு ஒன்று. விளக்கு அணைந்தது என்பதனால் மூன்றும் கெட்டன என்று கொள்ள வேண்டுவதில்லை. டிரைவர் மட்டும் கெட்டிருந்தால் டிரைவரை மட்டும் மாற்றலாம். கெட்டது எது என்று கண்டறிவது எப்படி என்பதே கேள்வி.

சிலர் டிராக்டர் பாட்டரியிலிருந்து இரு கம்பிகளை இழுத்துப் பலகையில் தொட்டுப் பார்க்கின்றனர். இம்முறை பயன்படாதது, ஆபத்தானதுமாகும். பலகைக்கு 30 வோல்ட் தேவைப்பட்டால் 12 வோல்ட் பாட்டரியால் அது எரியாது. நல்ல பலகை கெட்டதென்று தள்ளப்படும். தேவை 12 வோல்ட்டுக்குக் குறைவாயின், பாட்டரி தன்னால் இயன்றவரை மின்னோட்டத்தைத் தள்ளிப் பலகையைக் கருக்கிவிடும். இரு கம்பிகளும் ஒன்றோடொன்று பட்டுவிட்டாலோ, டிராக்டர் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கக்கும். அதற்குத் தன்னைத்தானே தடுத்துக்கொள்ளத் தெரியாது.

தடுத்துக்கொள்ளத் தெரிந்த கருவி ஒன்று உண்டு. கடைகளில் 'டி.சி. பவர் சப்ளை' என்று கேட்டால் கிடைக்கும். நாம் இங்கே அதை மின்வழங்கி என்போம். சிறு வகை சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் இரண்டு அளவுகளை நாம் குறித்து வைக்கலாம். ஒன்று, இத்தனை வோல்ட்டுக்கு மேல் போகாதே என்பது. மற்றொன்று, இத்தனை ஆம்பியருக்கு மேல் விடாதே என்பது. ஊரின் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொண்டால் விளங்கும். தொட்டியின் உயரம் வோல்ட் போன்றது. குழாயில் ஓடும் நீர் ஆம்பியர் போன்றது. குழாய் உடைந்து நீர் வீணாகும்போது தொட்டி தானாகவே தாழ்ந்து ஓட்டத்தைக் குறைக்குமானால் எப்படியோ, அப்படி நடப்பது இந்தக் கருவி. அத்தகைய தொட்டி எந்த ஊரிலும் இல்லை என்பது வேறு விஷயம்.

கணக்கொன்று பார்ப்போம். கருவியில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று குறித்துவிட்டோம். 24 ஓம் தடையுள்ள பொருளை இணைத்தால் அது அரை ஆம்பியர்தான் கேட்கும். கருவி 12 வோல்ட்டைக் குறையாமல் தரும், முகப்பில் 'சி.வி.' என்ற விளக்கு எரியும். 6 ஓம் பொருளை இணைத்தால் அது 2 ஆம்பியர் கேட்கும். நாம் அனுமதித்ததோ 1 ஆம்பியர்தான். ஆகவே கருவி தன் வோல்ட்டை 6க்கு இறக்கி, ஓட்டத்தை 1 ஆம்பியரில் நிறுத்திவிடும், அப்போது 'சி.சி.' விளக்கு எரியும். இவ்விரு எழுத்துக்களுள் எது எரிகிறது என்று பாராமல் முள்ளை மட்டும் பார்ப்பவர் பாதிப் பாடத்தையே படித்தவராவார்.

எல்.இ.டி. பலகைக்கு இந்த ஆம்பியர் வரம்பு ஏன் உயிர்நாடியாகிறது? வெள்ளை எல்.இ.டி. ஒன்று எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். அந்நிலையை எட்டிய பின்னர் வோல்ட் சிறிதே கூடினாலும் மின்னோட்டம் பன்மடங்கு எகிறும். எல்.இ.டி. சூடேறினால், அதற்கு வேண்டிய வோல்ட் குறையும், வோல்ட்டை மாற்றாமலே வைத்திருந்தால் ஓட்டம் இன்னும் கூடும், சூடும் கூடும். இப்படியே போய்க் கருகும். ஆகையால் இதனை வோல்ட்டால் ஆளலாகாது. ஆம்பியரால் ஆள வேண்டும். நல்ல டிரைவர் செய்கிற வேலையும் அதுவே.

இனிப் பரீட்சை செய்யும் முறை. டிரைவரைப் பலகையிலிருந்து பிரித்துவிடுக. டிரைவரின் மேலுள்ள சீட்டில் அது தரும் வோல்ட்டும் மில்லி ஆம்பியரும் அச்சிடப்பட்டிருக்கும், குறித்துக்கொள்க. பலகையில் பத்து எல்.இ.டி.கள் ஒரே வரிசையாகத் தொடுக்கப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்வோம். தேவை ஏறக்குறைய 30 வோல்ட். மின்வழங்கியின் வெளியீட்டை நிறுத்தி வைத்துக்கொண்டே 33 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் என்று குறிக்க வேண்டும். அதன்பின் பலகையை, கூட்டல் கழித்தல் முனை பார்த்து, இணைக்க வேண்டும். கடைசியாகவே வெளியீட்டை இயக்க வேண்டும்.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. காரணம் உண்டு. ஒன்றும் இணைக்காத நிலையில் கருவியின் முனைகளில் 33 வோல்ட் முழுமையாக நிற்கும். உள்ளேயுள்ள மின்தேக்கியும் அந்த அளவுக்கு நிரம்பியிருக்கும். அந்நிலையில் பலகையைத் தொட்டால், ஆம்பியர் வரம்பு குறுக்கிடுமுன் மின்தேக்கியிலுள்ளது ஒரு கணத்தில் பாய்ந்துவிடும். வரம்பு வைத்துத்தானே இருந்தேன், எப்படிக் கருகியது என்று வியப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்.

20 மில்லி ஆம்பியரில் பத்தும் மங்கலாக எரியுமாயின் பலகை பெரும்பாலும் நன்றாயிருக்கிறது. ஒன்று மட்டும் எரியாமல் மற்ற ஒன்பதும் எரிந்து, வோல்ட்டும் ஏறக்குறைய 3 குறைவாகக் காட்டினால், அந்த ஒன்று உள்ளுக்குள் குறுக்கிணைந்துவிட்டது. எதுவுமே எரியாமல் கருவி 33 வோல்ட்டையும் ஆம்பியரில் பூஜ்யத்தையும் காட்டினால், வரிசை எங்கோ அறுபட்டிருக்கிறது. அல்லது முனை மாறியிருக்கிறது. மாற்றிப் பார்த்து முடிவுசெய்க. பிறகு சீட்டில் கண்ட அளவுவரை ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்டலாம். அப்போது பலகை தன் அலுமினியக் கூட்டோடு திருகப்பட்டிருப்பது அவசியம். ஒளியை நேரே உற்றுநோக்கலாகாது. பலகை நன்றாயிருந்து விளக்கு எரியவில்லையெனில், குற்றம் டிரைவரிலோ, காப்புத்துண்டிலோ, இணைப்பிலோ இருக்கிறது.

விவசாய அன்பர்களுக்கும் இக்கருவி உதவும். பாட்டரித் தெளிப்பான் ஓடவில்லையெனில் மோட்டாரா, பாட்டரியா என்ற ஐயம் எழும். பாட்டரியைக் கழற்றிவிட்டு 12 வோல்ட்டை மின்வழங்கியிலிருந்து மோட்டாருக்குக் கொடுத்துப் பார்க்கலாம். ஒன்றை மறவற்க: மோட்டார் புறப்படும்போது, ஓடும்போது கேட்பதைவிடப் பல மடங்கு ஆம்பியர் கேட்கும். வரம்பை மிகக் குறைத்து வைத்தால் 'சி.சி.' எரிந்து, வோல்ட் விழுந்து, நல்ல மோட்டாரும் முனகிக்கொண்டு நிற்கும். எல்.இ.டி.க்கு நன்மை செய்த சிறு வரம்பு மோட்டாருக்குப் பொய்ச்சாட்சி சொல்லும்.

சூரிய ஒளித் தெருவிளக்குகளில், பாட்டரி வெகுவாக இறங்கினால் விளக்கைத் துண்டிக்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று இருக்கும். அது சரியான இடத்தில் துண்டிக்காவிட்டால் பாட்டரி விரைவில் சாகும். இங்கேதான் நிரல் அமைக்கக்கூடிய மின்வழங்கி தன் திறனைக் காட்டுகிறது. 12 வோல்ட் ஈயப் பாட்டரிக்கான கருவியாயின், பாட்டரியின் இடத்தில் மின்வழங்கியை இணைத்து, 12.6 வோல்ட்டில் தொடங்கிப் பத்து விநாடிக்கு ஒருமுறை 0.1 வோல்ட் இறங்குமாறு நிரலிட்டுவிடலாம். எந்த வோல்ட்டில் விளக்கு அணைகிறது, ஏறும்போது எதில் மீண்டும் எரிகிறது என்று எழுதிக்கொண்டால் போதும். சூரியப் பலகையை மட்டும் முன்னதாகவே பிரித்துவிட வேண்டும். சாதாரண மின்வழங்கி மின்சாரத்தைக் கொடுக்குமேயன்றி வாங்காது. சூரியப் பலகை அதனுள் மின்சாரத்தைத் தள்ளினால் வோல்ட் ஏறிக் கருவி பழுதாகலாம். கொடுக்கவும் வாங்கவும் வல்ல கருவிகள் உண்டு. அவை விலை மிகுந்தவை.

கம்பியிலும் கவனம் வேண்டும். போக வர 0.2 ஓம் தடையுள்ள கம்பியில் 3 ஆம்பியர் சென்றால் வழியிலேயே 0.6 வோல்ட் போய்விடும். முகப்பில் 12 என்றிருக்க, பொருளுக்குக் கிடைப்பது 11.4. பத்தில் ஒரு வோல்ட்டைத் தேடுகிற பரீட்சையில் இது பெரும் பிழை. குட்டையான தடித்த கம்பி நல்லது. பொருளின் முனையிலேயே தனி மீட்டரை வைப்பது இன்னும் நல்லது. உயர்வகைக் கருவிகளில் இதற்கென்றே வேறு இரு கம்பிகள் இருக்கும்.

கணினியிலிருந்து கட்டளையிட்டு இயக்கும் மின்வழங்கிகளும் உள்ளன. பல நிறுவனங்களின் கருவிகள் ஒரே கம்பி முறையில் பேசுவதற்கு 1975இல் ஒரு தரம் ஏற்பட்டது. ஒரே கட்டளைச் சொற்களைப் பேசுவதற்கு 1990இல் மற்றொன்று வந்தது. தொழிற்சாலைக்கு அவை வேண்டும். ஊராட்சி ஒன்றியத்திற்கு, படிப்படியாக வோல்ட்டை மாற்றும் நினைவு வசதி இருந்தால் போதுமென்பது நம் கருத்து. வண்ணத்திரைக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். ஒவ்வோர் ஊராட்சியும் தனித்தனியே வாங்குவதும் வீண். ஒன்றியத்திற்கு ஒன்று வைத்து, பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் பொறுப்பில் விடலாம்.

இம்முறையை எங்கே கையாளக் கூடாது என்பதையும் சொல்லவேண்டும். டிரைவர் தனியே இல்லாமல் 230 வோல்ட்டை நேரே பலகையிலேயே வாங்கும் மலிவு விளக்குகளை இவ்வாறு சோதிக்க முயலவேண்டாம். சூரிய ஒளி பம்புசெட்டுகளின் பலகை வரிசையில் பல நூறு வோல்ட் இருக்கக்கூடும். வெயில் உள்ளவரை அதை அணைக்க வழியில்லை. அது நிறுவியவர்களின் வேலை. கம்பத்தில் ஏறுவதும் இறக்குவதும் மின்தடை செய்த பின்னரே, உரிமம் பெற்றவரால் நடைபெற வேண்டும்.

சோதித்த ஒவ்வொரு விளக்குக்கும் பதிவேட்டில் கம்ப எண், தேதி, பலகையின் வோல்ட், மில்லி ஆம்பியர், கெட்ட பகுதி ஆகியவற்றை எழுதிவைக்கவேண்டும். ஓராண்டுப் பதிவுகளைப் புரட்டும்போது, ஒரே தெருவில் டிரைவர்களும் காப்புத்துண்டுகளும் மீண்டும் மீண்டும் கெட்டிருக்கக் கண்டால், குற்றம் விளக்கில் இராது. அத்தெருவின் நியூட்ரல் கம்பி தளர்ந்திருக்கலாம். நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கியும் வரக்கூடும்; அதே கம்பியில் வீட்டு இணைப்புகளும் உண்டு. பதிவேட்டின் அப்பக்கத்தைப் படியெடுத்து, தாமதமின்றி மின்வாரியப் பிரிவு அலுவலகத்திற்குக் கடிதத்தோடு அனுப்பவேண்டும்.