துணைப் பயிற்சியாளர்

துணை என்னும் சொல் தமிழில் இழிவு குறிப்பதன்று. வழித்துணை, வாழ்க்கைத்துணை, உற்றதுணை என்பனவெல்லாம் உயர்வு குறித்தே வழங்குகின்றன. இலக்கணத்திலோ துணைவினையின் தொழில் இன்னும் வியக்கத்தக்கது. ‘வந்துவிட்டான்’ என்புழிப் பொருள் தருவது ‘வந்து’ என்னும் முதல்வினையே. ஆயினும் காலம், திணை, பால், எண், இடம் ஆகிய சுமையனைத்தையும் தாங்கி நிற்பது ‘விட்டான்’ என்னும் துணைவினையாகும். இங்ஙனமிருக்கவும், ஒருவருடைய பதவியின் முன் ‘அஸிஸ்டெண்ட்’ என்று எழுதப்பட்டிருக்கக் கண்டால், இவர் இன்னும் மேற்படிக்குக் காத்திருப்பவர் என்னும் எண்ணமே நம் உள்ளத்தில் முந்துகின்றது. இவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பதை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரி டென்னிஸில் துணைப் பயிற்சியாளராகத் தொழில் புரிவோர் நிலையைக் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அந்நாட்டிற் கல்லூரி விளையாட்டு ஒரு பெருந்தொழில். 1906ஆம் ஆண்டில் தோன்றிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் (என்.ஸி.ஏ.ஏ. என்பர்) அதனை ஆளுகின்றது. பெரிய பல்கலைக்கழகங்கள் பலவும் அச்சங்கத்தின் முதற்பிரிவைச் சார்ந்தவை. ஆங்கே தலைமைப் பயிற்சியாளரும் துணைப் பயிற்சியாளரும் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் முழுநேர ஊழியர்கள்.

துணைப் பயிற்சியாளரின் அருமையை உணர வேண்டுமாயின், ஆங்கு இரு கல்லூரிகள் எதிர்நின்று ஆடும் முறையை முதலில் அறிதல் வேண்டும். மொத்தம் 7 புள்ளிகள் உள. முதற்கண் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் ஒருங்கே நடைபெறும். ஒவ்வொன்றும் ஒரு செட் அளவினது. அம்மூன்றில் இரண்டை வென்ற கல்லூரிக்கு ஒரே ஒரு புள்ளி கிடைக்கும். பின்னர் ஆறு ஒற்றையர் ஆட்டங்கள். அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எவர் முதலில் 4 புள்ளிகளை ஈட்டுகின்றனரோ அவரே வென்றவர். மாணவர்கள் ஆற்றல் முறையே முதற்களம் தொடங்கி ஆறாங்களம் வரை நிறுத்தப்படுவர். பார்ப்போர் கூட்டம் பெரிதும் முதற்களத்தையே சூழ்ந்திருக்கும். ஆனால், முதற்களத்தில் ஆடும் புகழ் பெற்ற மாணவன் ஈட்டுவதும் ஒரு புள்ளி. ஆறாங்களத்தில் எவரும் பெயரறியாத மாணவன் ஈட்டுவதும் அதே ஒரு புள்ளி. இவ்வொரு விதியே இரண்டாமவர் ஒருவரை இன்றியமையாதவராக்குகின்றது. களங்கள் ஆறும் ஒரே வேளையில் நடக்கும்பொழுது தலைவர் ஒருவரே ஆறிடத்தும் நிற்றல் இயலுமோ? ஆகவே களங்களைத் தம்முள் பகுத்துக்கொள்வர்.

மற்றொரு செய்தியும் உண்டு. தொழில்முறை டென்னிஸில் ஆட்டத்தினிடையே ஆட்டக்காரர்க்கு அறிவுரை கூறுதல் நெடுங்காலம் பெரும்பாலும் விலக்கப்பட்டிருந்தது. கல்லூரி டென்னிஸிலோ பயிற்சியாளர் களத்தோரத்திலேயே நின்று, பக்கம் மாறும் இடைவேளையில் மாணவனோடு பேசலாம். அவ்விடைவேளை ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம். அதற்குள் அவனுக்கு எதனைச் சொல்வது? எதிரியின் இடக்கை வீச்சு தளர்கின்றது என்பதையா, அல்லது தண்ணீர் குடித்துவிட்டு மூச்சை நிதானமாக விடு என்பதை மட்டுமா? ஒருவனுக்கு நுட்பம் வேண்டும். மற்றொருவனுக்கு நுட்பத்தைச் சொன்னால் கலங்கிப் போவான். அன்றியும், 2015-16ஆம் ஆட்டப் பருவம் முதல், டியூஸ் நிலை வந்ததும் அடுத்த ஒரே புள்ளியால் அந்தக் கேமின் முடிவு காணும் முறை நடைமுறைக்கு வந்தது. அதனால் ஒரு தவறான சொல்லுக்கும் ஒரு நல்ல சொல்லுக்கும் விலை மிகுந்துவிட்டது. நன்னூலார் ஆசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறினார். களத்தோரத்தில் நிற்கும் துணைவர்க்கு இந்நான்கனுள் முதலில் வேண்டுவது நிறைகோலே என்பது என் கருத்து. ஐந்தாங்களத்தை விட்டு நான்காங்களத்துக்கு எப்பொழுது நகர்வது என்பதையும் அவர் அக்கணமே எடைபோட்டுத் தீர வேண்டும்.

களத்துக்கு வெளியே அவர் செய்யும் பணி இதனினும் பெரிது. விடியற்காலையில் தாமே மட்டையெடுத்து மாணவரோடு ஆடுதல், மட்டைகளுக்கு நரம்பு கட்டுவித்தல், வெளியூர்ப் பயணத்துக்கு வண்டியும் விடுதியும் ஏற்பாடு செய்தல் எனப் பலவும் பெரும்பாலும் அவர் தலைமேல் விழும். ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணிக்கு மேல் மாணவரைப் பயிற்சியில் ஈடுபடுத்தலாகாது என்பது சங்கத்தின் விதி. படிப்பில் உரிய தேர்ச்சி இல்லாதவன் ஆடவும் முடியாது. ஆதலின், மாணவன் தேர்வில் வாங்கிய எண்களையும் துணைவர் அறிந்திருத்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது புதிய மாணவரைத் தேடிச் சேர்த்தல். பல நாடுகளிலிருந்தும் இளைஞர் அங்கே செல்கின்றனர். நம் சென்னையிற் பயின்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியாப் பல்கலைக்கழக மாணவராக 2007, 2008 ஆகிய ஈராண்டும் ஒற்றையர் பட்டத்தை வென்றது நேயர்கள் பலர் அறிந்ததே. முதற்பிரிவின் ஆடவர் குழுவொன்றுக்கு நெடுங்காலம் நான்கரை உதவிச்சம்பளமே அனுமதிக்கப்பட்டிருந்தது. மகளிர் குழுவுக்கு எட்டு. நான்கரையை எட்டுப் பேர்க்கோ பத்துப் பேர்க்கோ பங்கிடும் கணக்கினைச் செய்து பார்த்தால், ஓர் இளைஞனுடைய தந்தையின் முன்னமர்ந்து, ‘தங்கள் மகனுக்குச் செலவில் மூன்றிலொரு பங்கே தர இயலும்’ என்று சொல்ல நேருகின்றவர் நிலைமை விளங்கும். 2025ஆம் ஆண்டு நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டால், அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் இந்த உச்சவரம்பு நீங்கியது. அதற்கு ஈடாகக் குழுவில் பத்துப் பேர்க்கு மேல் இருத்தலாகாது என்ற எல்லை வந்தது. பதினோராமவனை விடுக்கும் செய்தியை அவனுக்கு யார் சொல்வது என்பதை நான் எழுத வேண்டுவதில்லை.

இப்பதவிக்கு வருவோர் பெரும்பாலும் கல்லூரியில் ஆடியவர்கள். சிலர் சில ஆண்டுகள் தொழில்முறை ஆட்டத்திலும் உழன்று மீண்டவர்கள். படிமுறையின் அடியில் நெடுநாள் ஒரு விந்தையான இடம் இருந்தது. அதன் பெயர் ‘தொண்டர் பயிற்சியாளர்’. மற்றவர் செய்யும் வேலையனைத்தையும் அவர் செய்யலாம். சம்பளம் மட்டும் பெறலாகாது! பேஸ்பால் ஆட்டத்தின் தொண்டர் பயிற்சியாளர்கள் இதனை எதிர்த்து 2022இல் வழக்குத் தொடுத்தனர். 2023 ஜூலை முதல் தேதி தொட்டு அவ்வகையே ஒழிக்கப்பட்டது. ஊதியம் கொடுத்தே தீர வேண்டுமென்ற கட்டாயம் வந்துவிடவில்லை. கொடுக்கலாகாது என்ற தடைதான் நீங்கிற்று. ஆயினும் அது சிறிய செய்தியன்று. தொண்டு என்னும் தூய சொல்லைக் கொண்டு பிறர் உழைப்பை இலவசமாகக் கொள்ளுதல் எந்நாட்டிலும் தகாது.

இனி, மேற்படி ஏறியோர் இருவரைக் காண்போம். இருவரும் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர்கள். ஜான் விட்லிங்கர் மாணவராயிருந்தபொழுதே 1974இல் கல்லூரி வாகைப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர் பட்டங்கள் இரண்டையும் வென்றவர். பின்னர்த் தம் ஆசான் டிக் கூல்டுக்குத் துணைவராகித் தொடர்ந்து 18 ஆண்டுகள் அவ்விடத்தேயே இருந்தார். கூல்டு தம் காலத்தில் 17 முறை குழு வாகை கண்டவர். அவற்றுள் 1988 முதல் 2000 வரை கிடைத்தவை மட்டும் ஒன்பது. 2004இல் கூல்டு விலக, விட்லிங்கர் தலைவரானார். 2014 வரை பத்தாண்டுகள் தலைமை தாங்கினார். அப்பத்தாண்டுகளில் ஸ்டான்போர்டு ஆடவர் குழுவுக்கு ஒரு வாகையும் இல்லை.

லெலே ஃபரூட் அம்மையாரும் ஸ்டான்போர்டில் ஆடியவரே. மகளிர் குழுவின் தலைவர் பிராங்க் பிரென்னனுக்குப் பத்தாண்டுக்கு மேல் துணைவராயிருந்தார். 2000இல் தலைமையேற்று, மறு ஆண்டே வாகை சூடினார். 2019க்குள் பத்து வாகைகளைத் தேடித் தந்தார்.

ஒரே பல்கலைக்கழகம், இருவரும் நெடுங்காலத் துணைவர், முடிவோ இருவேறு. இதனைக் கொண்டு, விட்லிங்கர் என்றும் இரண்டாமவராயிருக்கவே தகுதியுடையவர் என்று கூறுவார் உளராயின், அவர் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் படித்தவராவர். அவர் தலைமை தாங்கிய காலம் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2009 முதல் 2012 வரை இடைவிடாது நான்கு முறை வென்ற காலம். ஜார்ஜியாவும் வர்ஜீனியாவும் தலையெடுத்த காலம். அக்காலத்திலும் அவர் மாணவர் பிராட்லி கிளான் 2010இல் ஒற்றையர் பட்டத்தை வென்றார். இதற்கு முன்னிருந்த 18 ஆண்டுகளின் வாகைகளில் அவர்க்குரிய பங்கு எத்துணை என்று அளக்கும் கோல் எப்பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் வாகைகள் தலைமைப் பயிற்சியாளர் கணக்கில் மட்டுமே ஏறும்.

2014இல் விட்லிங்கர் ஓய்வு பெற, அவ்விடத்துக்கு வந்தவர் பால் கோல்டுஸ்டீன். இவர் 1995 முதல் 1998 வரை மாணவராயிருந்த நான்கு ஆண்டுகளும் ஸ்டான்போர்டுக்கே வாகை. அந்நான்கும் கூல்டின் பெயரில் எழுதப்பட்டுள்ளன. அந்நான்கு ஆண்டுகளிலும் களத்தோரத்தில் இரண்டாமவராய் நின்றவர் விட்லிங்கர்.