உதடும் ஓசையும்

கீரிமலைக் கடற்கரையில் 340 மீற்றர் தொலைவில் ஒருவர் வள்ளத்துக்கு ஆணி அறைகிறார் என வைத்துக்கொள்வோம். சுத்தியல் விழுவதை உடனே காண்கிறோம். ஓசையோ ஏறக்குறைய ஒரு செக்கன் கழித்தே காதுக்கு எட்டுகிறது. ஓசை பிந்துவது இயற்கை, முந்துவதில்லை. ஆதலால், திரையில் ஓசை சற்று முந்தினாலும் எளிதில் உணர்கிறோம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஓசை 45 மில்லிசெக்கன் முந்தினாலே புலப்படும்; பிந்தினாலோ 125 ஆக வேண்டும்.

அன்பான வாசகர்களே! மறைந்த தாயாரின் வீடியோவைக் கணனியில் போடும்போது உதடும் சொல்லும் பொருந்தாவிடில், பழுதென்று அழித்துவிடாதீர்கள். முதலில் புளூடூத்தை விட்டு, கம்பியுள்ள ஒலிபெருக்கியில் கேட்டுப் பாருங்கள். தாமதம் அங்கே இருக்கலாம். அடுத்து, தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிடுங்கள். இடைவெளி ஒரே அளவாயின், விண்டோஸ் கணனியில் வீ.எல்.சீ. மூலம் திறந்து, ஓசை முந்தினால் ‘கே’ விசையையும் பிந்தினால் ‘ஜே’ விசையையும் அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தும் 50 மில்லிசெக்கன். இது பார்க்கும்போது மட்டுமே, பதிவு மாறாது.

இடைவெளி வரவரக் கூடினால், கைத்தொலைபேசி செக்கனுக்கு எடுத்த படங்களின் எண்ணிக்கை சீராக இருந்திராது. ஹான்ட்பிரேக் மென்பொருளில் படவேகத்தை மாறாததாக வைத்துப் புதிய பிரதி எடுங்கள். மூலப் பதிவை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். அந்தக் குரலை மீண்டும் பதிய முடியாது.